தேசிய கீதம் பத்தி நோட்ஸ் எழுதுறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

டிஎன்பிஎஸ்சி கிளாஸ் எடுக்க புதுசா வர்றவங்க எழுதுற நோட்ஸ திருத்திக் குடுக்குறது இப்ப என் வேலை. எழுதுனது தாகூர்ங்கிறதுல யாரும் தடுமாறுறதில்ல, அத விட்டுடுறேன். நான் ஆரம்பத்துல பண்ண அதே தப்புங்கள இவங்களும் பண்றப்பதான் மனசு கேக்க மாட்டேங்குது. கீழ தலைப்பா இருக்குறது எல்லாம் அவங்க நோட்ஸ்ல எழுதுற தப்பான வரிங்க.

ஓட்டெடுப்பு நடத்தி ஏத்துக்கிட்டாங்க

நடக்கவே இல்ல. 1950 ஜனவரி 24 அன்னைக்கு அரசியல் நிர்ணய சபையில ராஜேந்திர பிரசாத் ஒரு அறிக்கையா சொன்னார், அவ்ளோதான். வந்தே மாதரத்துக்கும் சம மதிப்புன்னு சொன்னது அதே அறிக்கைதான்.

எந்திரிக்கலேன்னா 3 வருஷம் ஜெயில்

இதப் பாத்தா இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வரும். 1971 தேசிய கௌரவ அவமதிப்பு தடுப்புச் சட்டம், பிரிவு 3, எடுத்துப் படிச்சா ரெண்டு மூணு வரிதான், வேணும்னே பாட விடாம தடுக்குறது, இல்ல பாடிட்டு இருக்குற கூட்டத்துல இடைஞ்சல் பண்றது, இதுக்குத்தான் 3 வருஷம் வரைக்கும் சிறை, இல்ல அபராதம், இல்ல ரெண்டும். எந்திரிக்கிறதப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. எந்திரிச்சு நிக்கணும்னு சொல்றது உள்துறை அமைச்சகத்தோட உத்தரவு, அது வேற இது வேற.

நான் அந்தப் பிரிவப் படிக்காம, யாரோ சொன்னத அப்படியே எழுதி ஜெராக்ஸ் போட்டு ஒரு பேட்ச் முழுக்கக் குடுத்துட்டேன். அந்த பேட்ச்ல ஒரு பொண்ணு, பயிற்சிக்காக நடத்துற நேர்முகத் தேர்வுல அதையே சொல்லுச்சு, எதிர்ல இருந்த வக்கீல் "எந்தப் பிரிவும்மா அது?"ன்னு கேட்டார், அந்தப் பொண்ணு பதில் சொல்லாம திரும்பி என்னையப் பாத்துச்சு. அந்தப் பார்வை இன்னும் மறக்கல.

இதோட சேத்துப் படிக்க வேண்டியது 1986 பிஜோ இமானுவேல் தீர்ப்பு. கேரளாவுல யெகோவா சாட்சிகள்ங்கிற கிறிஸ்தவப் பிரிவச் சேந்த குடும்பத்துப் பிள்ளைங்க 3 பேர், கீதம் பாடுறப்ப மரியாதையா எந்திரிச்சு நின்னாங்க, ஆனா பாடல, அதுக்காக ஸ்கூல்ல இருந்து நீக்கிட்டாங்க. பாடியே ஆகணும்னு எந்தச் சட்டமும் சொல்லல, மரியாதையா நின்னாலே போதும், பிள்ளைங்கள திரும்பச் சேத்துக்கோங்கன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. நிக்கிறது, பாடுறது, தடுக்குறது மூணும் தனித்தனி விஷயம், தனித்தனியா எழுதுங்க.

தியேட்டர்ல கட்டாயம்

படத்துக்கு முன்னாடி கீதம் போட்டே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் சொன்ன 2016 நவம்பர் 30 இடைக்கால உத்தரவோட நோட்ஸ நிறுத்திடுறாங்க. 2018 ஜனவரி 9 அன்னைக்கு அதே கோர்ட்டு, போடுறது கட்டாயம் இல்லன்னு மாத்திருச்சு. ஆனா போட்டாங்கன்னா மரியாதை காட்டணும்ங்கிறது அப்படியே இருக்கு.

பிரிட்டிஷ் மன்னர் ஜார்ஜுக்காக எழுதுனது

இல்ல. தாகூரே 1937ல ஒரு லெட்டர்ல மறுத்திருக்கார்.

52 விநாடி

கீதத்த முழுசா பாட ஆகுற நேரம் இது, "சுமார்" சேத்து எழுதுங்க.

அரசியலமைப்புல ஆரம்பத்துல இருந்தே இருக்கு

இல்ல. கீதத்த மதிக்கிறது அடிப்படைக் கடமைன்னு சொல்ற 51அ உறுப்பு 1976ல 42வது திருத்தத்துலதான் வந்துச்சு.

போன மாசம் ஒரு தம்பி குடுத்த நோட்ஸ்ல அந்த 3 வருஷ ஜெயில் வரி நான் எழுதுன அதே வார்த்தைகள்ல இருந்துச்சு. என்னோட பழைய ஜெராக்ஸ் யார் கையிலயாவது இருந்தா, தயவுசெஞ்சு அந்த வரிய அடிச்சுடுங்க.