ஆயில் விளக்கு மினுக்கினால் செய்யக்கூடாதவை

போன வாரம் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் பட்டறைக்கு ஒரு தம்பி வந்தார். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் 14 வயதுக் கார். "அண்ணே, சிக்னல்ல நின்னா ஆயில் விளக்கு மினுக்குச்சு. கெட்டி ஆயில் ஊத்தினேன், நின்னுடுச்சு" என்றார். ஆயில் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் எரியும் விளக்கைத்தான் சொன்னார். முகத்தில் அப்படியொரு பெருமை. 20 வருடத்துக்கு முன்னால் நானும் இதே பெருமையோடு திரிந்தவன்தான்.

டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) இழுத்துப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதைக்கூடப் பார்க்காதவர் பழைய வண்டி வைத்திருக்கவே கூடாது.

கெட்டி ஆயில் ஊற்றி விளக்கை அணைப்பது

என்னுடையது ஒரு பழைய டீசல் வேன். சூடாகி நின்றால் விளக்கு மினுக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அணையும். 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றினேன். விளக்கு போயே போச்சு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாலைந்து விநாடி 'கடகட' என்று ஒரு சத்தம் மட்டும் புதிதாக வந்தது. கிழட்டு வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டே மாதம். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் சுத்தியலால் அடிப்பதுபோல என்ஜின் தட்ட ஆரம்பித்தது.

சம்பை (என்ஜினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றினால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் ஸ்ட்ரெய்னர் வலையில் பாதி அடைப்பு. கருப்பு அல்வா மாதிரி கசடு. கூடவே யாரோ கேஸ்கெட்டுக்குத் தாராளமாக அப்பிய சிலிக்கானின் ஆரஞ்சு நூல்கள். கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. கிராங்கில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. முதலிலேயே சம்பைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தால் அரை நாள் வேலை. கடைசியில் வேன் வாங்கிய விலையில் பாதி என்ஜினுக்கே போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான்.

அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு. பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும்; இடுக்குகள் அதை எதிர்ப்பதால்தான் அழுத்தம் உண்டாகிறது. கெட்டி ஆயில் தேய்ந்த பேரிங் இடைவெளியில் மெதுவாக வழிவதால் அழுத்தம் ஏறும். ஆனால் அதே ஆயில் அடைபட்ட வலை வழியாக எளிதில் ஏறாது. குளிர்ந்த ஸ்டார்ட்டில் மேலே இருக்கும் பாகங்கள் காய்ந்துபோய்க் காத்திருக்கும். அந்தக் 'கடகட' அதுதான். போதாததற்கு, விளக்குக்கான சுவிட்ச் பல வண்டிகளில் அழுத்தம் 0.3 முதல் 0.5 பாருக்குக் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கீழே போனால்தான் விளக்கை எரியவிடும். விளக்கு அணைந்தால் அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று, அவ்வளவே.

வண்டியின் கையேட்டில் வெப்பநிலைப் பட்டியல் இருந்து, கெட்டி ஆயிலை அனுமதித்திருந்தால் ஊற்றலாம். விளக்கை அணைப்பதற்காக வேண்டாம்.

"சென்சார்தான் போயிருக்கும்"

இருக்கலாம். சென்சாரை, அதாவது அந்த விளக்குச் சுவிட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் (அழுத்தத்தை முள்ளால் காட்டும் மானி) மாட்டுங்கள். என்ஜின் நன்றாகச் சூடானபின் ஐடிலிலும் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) 2000 ஆர்பிஎம்மிலும் பார்த்து, கையேட்டு எண்ணோடு ஒப்பிடுங்கள். அப்புறம் பேசலாம்.

கசடு பிடித்த என்ஜினில் ஃபிளஷ் ஊற்றுவது

ஃபிளஷ் கசடைக் கரைக்கும் திரவம்தான். ஆனால் கசடு கட்டி கட்டியாகப் பெயர்ந்து நேரே ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும்.

"வீடு வரைக்கும் ஓட்டிடலாம்"

ஓட்டாதீர்கள். ஓடும்போது விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி உடனே என்ஜினை அணையுங்கள். விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி பக்கத்திலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம்வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து உங்கள் பட்டறைக்குத்தான் காசு.

தம்பியின் காரில் கேஜ் மாட்டினோம். அந்தக் கெட்டி ஆயிலோடும் சூடான ஐடிலில் 0.6 பார்; விளக்கு எரியும் கோட்டுக்குக் கொஞ்சம்தான் மேலே. முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி, நாளைக் காலையில் சம்பைக் கழற்றுகிறோம்.