ட்ரூ க்ரைம் எடுக்கறவங்க பண்ற தப்புகள், நானும் பண்ணினதுதான்

போன வாரம் ட்ரூ க்ரைம், அதாவது நிஜமா நடந்த குற்றத்தை வச்சு, புதுசா டாக்குமெண்டரி பண்ற ரெண்டு பசங்க ரஃப் கட் (முதல் கட்ட எடிட்) போட்டு காட்டினாங்க. பத்து நிமிஷத்துல தலைல கைவச்சு உக்காந்துட்டேன், அப்படியே நான் ஒரு காலத்துல அடிச்ச கூத்து. பேரை சரியா போடு, பெர்மிஷன் வாங்குன்னெல்லாம் சொல்ல வரல, அது எல்லாருக்கும் தெரியும்.

புட்டேஜ் இருக்கறவங்களுக்கே படத்தை எழுதி வைக்கறது

இதை நினைச்சா இன்னும் எரிச்சல்தான். யாரும் வேணும்னு ஒருத்தரை ஒதுக்கறதில்ல. எடிட்ல உக்காந்தா செத்துப்போன ஒருத்தருக்கு பர்த்டே வீடியோ, காலேஜ் போட்டோ, டிவி நியூஸ் க்ளிப்னு ஹார்ட் டிஸ்க் ரொம்பி கிடக்கும், இன்னொருத்தருக்கு ஒரே ஒரு ஐடி கார்டு போட்டோ, கை தன்னால மெட்டீரியல் இருக்கற பக்கம் போயிடும். ஆனா அன்னிக்கு நியூஸ்காரங்க யாரு வீட்டுக்கு கேமரா தூக்கிட்டு ஓடினாங்களோ அவங்களுக்குதானே அதெல்லாம் இருக்கும்? வெள்ளைக்கார பொண்ணு காணாம போனா மட்டும் மீடியா அலறுதுன்னு அமெரிக்க பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் 2004லயே 'மிஸ்ஸிங் ஒயிட் உமன் சிண்ட்ரோம்'னு பேர் வச்சாங்க. அந்த ஓரவஞ்சனை அப்படியே நம்ம எடிட்டிங் டைம்லைனுக்கு வந்துடுது.

நான் பண்ணினது மூணு பேர் செத்த கேஸ். அதுல ஒரு பொண்ணுக்கு நான் குடுத்தது 40 செகண்ட். இனி மாத்தறதில்லன்னு எடிட்டை லாக் பண்ணி, சவுண்ட் மிக்ஸும் முடிஞ்சப்புறம் குடும்பங்களுக்கு போட்டு காட்டினோம். அவ அக்கா கத்தல, அழல, "மெட்டீரியல் இல்லன்னு எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்"னு மட்டும் சொன்னாங்க. அவங்க பழைய மொபைல்ல தங்கச்சி அனுப்பின வாய்ஸ் மெசேஜ் 11 இருந்தது. லாக்கை உடைச்சு, திரும்ப மிக்ஸ் பண்ணி, கையில இருந்த காசு மொத்தமும் போச்சு, அனுப்ப இருந்த ஃபெஸ்டிவலோட கடைசி தேதியும் போச்சு.

நல்ல பேர் வாங்கின படத்துலயும் இது நடந்திருக்கு. 1993 டிசம்பர் 31ல அமெரிக்காவோட நெப்ராஸ்கால ஒரே வீட்டுல மூணு பேரை கொன்னாங்க. அதுல ஒருத்தர் திருநம்பி, அவர் கதையைத்தான் 1999ல 'பாய்ஸ் டோன்ட் க்ரை' சொல்லுச்சு. கூட செத்த கறுப்பின மாற்றுத்திறனாளி இளைஞர் அந்த படத்துலயே இல்ல.

இப்ப நான் எடிட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே செத்தவங்க பேரையெல்லாம் பேப்பர்ல எழுதி, யாருக்கு மெட்டீரியல் கம்மியோ அவங்க வீட்டுக்குதான் முதல்ல போறேன். குரல், கையெழுத்து, கூட வேலை பாத்தவங்க, எதாவது ஒண்ணு கிடைக்கும். நிஜமாவே எதுவும் இல்லன்னா, ஏன் இல்லங்கறதையே படத்துல சொல்லிடுங்க.

கொலைகாரனை ஸ்டைலா காட்டறது

வேணாம்.

கன்சல்டன்ட்டை கடைசில கூப்பிடறது

யாரைப் பத்தி படமோ அந்த சமூகத்து ஆளை வசனமும் உடுப்பும் செக் பண்ண மட்டும் வைக்காதீங்க, கதை யாரு கண்ணுல ஓடணும்னு முடிவு பண்றப்பவே கூப்பிடுங்க. அமெரிக்க பூர்வகுடியான ஓசேஜ் மக்களை கொன்ன கதைதான் 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' படம். அதோட ஸ்க்ரிப்ட் முதல்ல கேஸை விசாரிச்ச எஃப்பிஐ ஆளை சுத்தித்தான் இருந்தது, ஓசேஜ் மக்கள்கிட்ட பேசி மாத்தினாங்க. அப்படியும் 2023 ப்ரீமியர்ல அதோட ஓசேஜ் மொழி கன்சல்டன்ட் ஒருத்தரே, இது மோலியோட, அதாவது குடும்பத்தை பறிகொடுத்த ஓசேஜ் பொண்ணோட, பார்வைல இருக்கணும்னு ஆசைப்பட்டேன்னு சொல்லிட்டார்.

டேக் போட்டா போதும்னு நினைக்கறது

2022ல, பெரும்பாலும் கே ஆண்களை கொன்ன தொடர் கொலைகாரன் டாமர் பத்தின சீரிஸுக்கு நெட்ஃப்ளிக்ஸ் எல்ஜிபிடிக்யூ (பால்புதுமையினர்) கதைங்கற வகை டேக் போட்டு, திட்டு வாங்கி எடுத்துச்சு.