படகு ஓடுகிறது, விசை எங்கே? விசைப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் பக்கம் புதிதாக வேலைக்கு வந்த அறிவியல் ஆசிரியர்களின் வகுப்புகளைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தாம் வகுப்பு, ‘இயக்க விதிகள்’. மேசை மேல் ஒரு புத்தகத்தை வைத்து இரு பக்கமும் தள்ளிக் காட்டினார்கள். “அசையவில்லை, எனவே சமன்செய்யப்பட்ட விசைகள். அசைந்தது, எனவே சமன்செய்யப்படாத விசைகள்.” பாடம் முடிந்தது. ஆரம்பத்தில் நானும் இப்படித்தான் நடத்தினேன். அதனால் எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

கிலோகிராமுக்கும் நியூட்டனுக்கும் குழம்புவது, அம்புக்குறிக்குத் திசை போட மறப்பது எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஓடும் படகுக்கு இல்லாத அம்பைப் போடுவது

இது ஒன்றுதான் இன்றைக்கும் என்னைப் படுத்துகிறது.

எஞ்சினை அணைத்த பிறகும் வள்ளம் கரையை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. அதன் மேல் செயல்படும் விசைகளை வரையச் சொன்னால், முக்கால்வாசிப் பிள்ளைகள் முன்னோக்கி ஓர் அம்பு போடுவார்கள். தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன், அப்பாவோடு கடலுக்குப் போய் வருகிறவன், அப்படித்தான் போட்டிருந்தான்.

“ஜெட்டிக்கு எவ்வளவு தூரம் இருக்கும்போது எஞ்சினை அணைப்பே?”

“நல்லா தள்ளியே அணைச்சிருவேன் சார். இல்லாட்டி போயி மோதிரும்.”

“அணைச்ச பிறகு யார் தள்ளுறா?”

கொஞ்சம் யோசித்துவிட்டு, “முன்னாடி குடுத்த விசை உள்ள இருக்கும்ல சார்” என்றான்.

விசை உள்ளே தங்காது. அது ஒரு பொருள் இன்னொரு பொருளின் மேல் அந்தந்த நேரத்தில் செலுத்துவது; செலுத்துவது நின்றால் விசையும் இல்லை. படகிடம் மிச்சம் இருப்பது உந்தம், அதாவது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. எஞ்சின் நின்ற படகில் கிடைமட்டமாகச் செயல்படுவது, காற்றை விட்டுவிட்டால், பின்னோக்கிய நீரின் தடை மட்டும்தான். பையனைத் திட்டி என்ன பயன்? விசை நின்றால் இயக்கம் நிற்கும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள். கலிலியோ அதை உடைத்து, 1687இல் நியூட்டன் விதியாக எழுதும்வரை கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அதே அம்பை வாத்தியார் கரும்பலகையில் போடும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கணக்காகவே பார்க்கலாம். ஆளும் வலையும் சேர்த்து 1,000 கிலோ நிறையுள்ள ஒரு வள்ளம், விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 600 நியூட்டன் தள்ளுகிறது. வேகம் மாறவில்லை என்றால் நீரின் தடையும் 600 நியூட்டன்தான். தொகுபயன் விசை, அதாவது எல்லா விசைகளையும் திசையோடு கூட்டி வருவது, சுழி. படகு நன்றாகவே ஓடுகிறது, விசைகளோ சமனில் இருக்கின்றன! மேசைப் புத்தகத்தோடு நிறுத்திய மாணவன் இங்கேதான் மாட்டிக்கொள்வான்.

இப்போது எஞ்சினைக் கூட்டி 800 நியூட்டன் ஆக்குங்கள். 200 நியூட்டன் மிச்சம், முடுக்கம் 0.2 மீ/வி². ஆனால் வேகம் ஏற ஏறத் தடையும் ஏறும். தடை 800ஐத் தொட்டதும் முடுக்கம் நின்றுவிடும். படகு சுமார் 3.5 மீட்டர் வேகத்தில் மறுபடி சீராக ஓடும். கூடுதல் விசையால் வேகம் மாறியது, அவ்வளவுதான். மாறிய வேகத்தைத் தக்கவைக்க மிச்ச விசை எதுவும் தேவைப்படவில்லை.

சரி, பழைய 3 மீட்டர் வேகத்திலேயே எஞ்சினை அணைத்துவிடுவோம். 600 நியூட்டன் தடை தனியாக நிற்கிறது. வேகம் பாதியானால் தடை கால்வாசியாகிவிடும் என்று கொண்டால் (ஏறக்குறைய அப்படித்தான்), முதல் 5 விநாடியில் வேகம் 1.5 ஆகும். அதில் பாதியாக இன்னும் 10 விநாடி. அதிலும் பாதியாக 20 விநாடி. ஒவ்வொரு பாதிக்கும் படகு பத்து மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருக்கும். வேகம் குறையக் குறைய, அதைக் குறைக்கிற விசையும் மெலிந்துகொண்டே போகிறது. நிற்பது போலத் தெரிகிற படகு நிற்காமல் ஊர்ந்து வருவது இதனால்தான்.

இது புரியாவிட்டால் நஷ்டம் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் புது ஃபைபர் வள்ளம் வாங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்த பையன், அணைத்தால் நின்றுவிடும் என்று நினைத்து, ஜெட்டிக்குப் பக்கத்தில் வந்து அணைத்தான். மெதுவாகத்தான் மோதியது. முன்பக்கம் விரிசல் விட்டுவிட்டது. நல்லவேளை, காலை நீட்டித் தடுக்கப் போனவனை யாரோ பின்னால் இழுத்துவிட்டார்கள். விநாடிக்கு 0.75 மீட்டரில் ஊர்ந்து வரும் ஒரு டன் படகை 5 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்த சராசரியாக 5,600 நியூட்டன் வேண்டும். ஐந்தரைக் குவிண்டாலுக்கும் மேலான சுமையைக் காலில் வாங்குவதற்குச் சமம் அது.

ஆகவே மாணவன் அம்பு போடும்போதெல்லாம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதைச் செலுத்துவது எது? தண்ணீரா, காற்றா, கயிறா, பூமியா? பதில் வராத அம்பை அழித்துவிடச் சொல்லுங்கள்.

நிற்கிறது என்றால் விசையே இல்லை என்பது

நங்கூரம் போட்ட படகைக் காற்று தள்ளுகிறது, நீரோட்டம் தள்ளுகிறது, கயிறு எதிர்ப்புறம் இழுக்கிறது. கீழே எடை, மேலே மிதப்பு விசை. இத்தனையும் சேர்ந்து சுழி. கச்சான் காற்று வலுத்தால் கயிறு இன்னும் விறைக்கும், மறுபடி சமன். நங்கூரம் இழுபடத் தொடங்கினால் சமன் போச்சு என்பார்கள். தொடங்கும்போது சரி. ஒரே வேகத்தில் இழுபட்டுக்கொண்டே போனால் அப்போதும் சமன்தான். படகுக்காரருக்கு அது ஆறுதல் இல்லை என்பது வேறு விஷயம்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. மணலில் கிடக்கும் வள்ளத்தைப் பத்துப் பேர் இழுத்தும் அசையவில்லை. ஏன்? “உராய்வு விசை இழுவிசையைவிடப் பெரியது” என்று எழுதுகிறார்கள். பெரியதாக இருந்தால் வள்ளம் இழுத்தவர்களை விட்டுக் கடல் பக்கமாகப் போயிருக்க வேண்டுமே? நீங்கள் இழுக்கிற அளவுக்கு மட்டும், ஓர் எல்லை வரை, நிலை உராய்வு வளர்ந்து கொடுக்கும். பதினொன்றாவது ஆள் வந்து கைபோட்டால் அந்த எல்லை தாண்டலாம்.

மேலே போவதால் மேல்விசைதான் பெரியது என்பது

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தை உதாரணமாகக் காட்டுங்கள். பிள்ளைகள் கண்ணால் பார்க்கிற பொருள். நடுவே 72.5 மீட்டர் நீளப் பகுதி, கப்பல் போவதற்காக 17 மீட்டர் வரை நேராக மேலே எழும்பும். கம்பிவடத்தின் மறுமுனையில் எதிர் எடைகள் தொங்குகின்றன. அதனால் மோட்டார் அவ்வளவு எடையையும் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. அசையாமல் இருப்பதைக் கிளப்புவதும் உராய்வைச் சமாளிப்பதுமே அதன் முக்கிய வேலை. கிளம்பும் நேரத்தில் பாலப் பகுதியின் மேல்விசை எடையைவிடச் சற்றுக் கூடுதல். பிறகு சீராக ஏறும்போது இரண்டும் சமம். மேலே போய் நிற்பதற்கு முன் மேல்விசை சற்றுக் குறைவு, ஆனாலும் பாலம் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் கடைசிக் கட்டத்தைத் தேர்வில் கேட்டுப் பாருங்கள்.

நியூட்டனின் மூன்றாம் விதியைச் சமன் என்பது

படகு எஞ்சினின் விசிறி தண்ணீரைப் பின்னே தள்ளுகிறது, தண்ணீர் விசிறியை முன்னே தள்ளுகிறது. இரண்டும் அளவில் சமம், ஆனால் வெவ்வேறு பொருள்களின் மேல். ஒன்றையொன்று சமன்செய்யாது.

வளைந்து திரும்புவதை மறப்பது

அதே வேகத்தில் திரும்பினாலும் விசை சமனில் இல்லை. திசைவேகத்தில் திசையும் சேர்த்திதான்.