இன்ஹேலர் அடித்ததும் நெஞ்சு படபடத்தால்

இளைப்பை உடனே தணிக்கும் சால்புட்டமால் இன்ஹேலரை இரண்டு பஃப் (இரண்டு அழுத்து) இழுத்த சில நிமிடங்களில் நெஞ்சு அடித்துக்கொள்வதும் விரல் நடுங்குவதும் பலருக்கும் வரும். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் பீட்டா-2 ஏற்பிகள் (மருந்து வந்து ஒட்டும் இடங்கள்) இதயத்திலும் ஓரளவு உண்டு. ரத்தத்தில் கலக்கும் மருந்து அவற்றையும் தட்டி எழுப்புகிறது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் பயந்துபோய் எல்லா இன்ஹேலரையும் தூக்கிப்போடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். படபடப்புக்குச் சம்பந்தமே இல்லாத, இளைப்பு வராமல் தடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் அதோடு போகிறது. சில வாரங்களில் இளைப்பு கூடி, சால்புட்டமால் முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது.

“இன்ஹேலர் சூடு, மாத்திரை போதும்” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். இரண்டு பஃப் 200. ஒரு 4 மில்லிகிராம் சால்புட்டமால் மாத்திரை என்பது 4,000 மைக்ரோகிராம், அதாவது இருபது மடங்கு. அது குடல் வழியாக ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிய பிறகுதான் நுரையீரலுக்கு வரும். படபடப்புக்குப் பயப்படுகிறவர் முதலில் கைவிட வேண்டியது மாத்திரையையும் சிரப்பையும்தான், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு.

இழுக்கும் முறையைத் திருத்தினாலே பாதித் தொல்லை குறையலாம். நேராக வாயில் அடித்தால் பெரும்பகுதி தொண்டையில் படிந்து வயிற்றுக்குப் போகும். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குழாயான ஸ்பேசரை மாட்டுங்கள். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, ஒரே ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 விநாடி அடக்குங்கள். அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

நாடியையும் எண்ணிப் பழகுங்கள்: உட்கார்ந்தபடி 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. வேகத்தைவிட, துடிப்பு விட்டுவிட்டு ஒழுங்கின்றி வருகிறதா என்பது முக்கியம். அப்படி வந்தால் ஈசிஜி எடுக்க வேண்டும். 200 பஃப் கொண்ட சால்புட்டமால் டப்பா ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்கிறதென்றால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. தடுப்பு மருந்தான ஸ்டீராய்டு இன்ஹேலரைச் சரிசெய்ய வேண்டும்.

இளைப்புக்குத் தரும், தியோஃபிலின் கலந்த டெரிஃபிலின் போன்ற மாத்திரைகளில் கூடுதல் கவனம் வேண்டும். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறும். புகைப்பதை நிறுத்தினாலும் ஏறும். ஃப்ரூசமைடு போன்ற நீர் பிரியும் மாத்திரை பொட்டாசியத்தைக் குறைக்கும், அதிக அளவு சால்புட்டமாலும் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம். ஸ்டீராய்டு மாத்திரையான பிரெட்னிசலோனை நீண்ட நாள் விழுங்கினால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும்.

இதய மருந்துகளும் மூச்சைக் கெடுக்கலாம். ப்ரோப்ரனலால் மூச்சுக்குழாயைச் சுருக்கும், சால்புட்டமாலையும் வேலை செய்யவிடாது. கண் அழுத்த நோயான கிளாக்கோமாவுக்கு விடும் டிமோலால் கண் சொட்டு மருந்தும் அப்படியே. சொட்டுதானே என்று யாரும் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. ரத்த அழுத்த மாத்திரைகளான எனலாப்ரில், ராமிப்ரில் தரும் வறட்டு இருமல் ஆஸ்துமாவாகத் தோன்றும். ஆஸ்பிரின் சிலருக்கு இளைப்பைக் கிளப்பும். இவற்றில் எதையும் தானாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் இதயத்துக்கோ கண்ணுக்கோ ஆபத்து வரலாம்.

படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் குறைந்து, காலும் வீங்கியிருந்தால் அது இதயத்தின் கோளாறாக இருக்கலாம்; இன்ஹேலரை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கடுமையான இளைப்பில் நாடி 120-ஐத் தாண்டுவது ஆஸ்துமாவாலேயே வரும். அதைக் கண்டு சால்புட்டமாலை நிறுத்திவிடாதீர்கள். ஸ்பேசரில் ஒவ்வொன்றாக 4 பஃப் கொடுத்து, முதல் ஒரு மணி நேரம் 20 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், நெஞ்சு வலி, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பஃப் தொடரட்டும்.