கர்நாடகத்தில் இருக்கும் கோலார் தங்கவயல் இடிபாடுகளைப் பார்க்கப் பெரம்பூரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

எங்கள் வியாசர்பாடித் தெருவில் "எங்க தாத்தா கோலார்ல சுரங்கம் இறங்கினவரு" என்று சொல்கிற வீடு இரண்டு உண்டு. கிளம்பும் முன் அப்படி ஒரு வீட்டைத் தேடிப் பிடியுங்கள். தங்கவயலில் இருக்கும் சொந்தக்காரர் யாருடைய போன் நம்பராவது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் எந்தக் கட்டடம் காலி, எதில் ஆள் குடியிருக்கிறார்கள், எங்கே வாட்ச்மேன் விரட்டுவார் என்பதெல்லாம் மேப்பில் இருக்காது. பாஷைக்குப் பயம் வேண்டாம், அங்கே தமிழ் தாராளமாகப் புழங்கும்.

பெரம்பூரிலும் பங்காருப்பேட்டையிலும் நிற்கிற பெங்களூர் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயல் வழியாக மாரிகுப்பம் வரை சுமார் 16 கி.மீ. கிளைப் பாதை, வழியில் உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களே சுரங்கப் பெயர்கள். திரும்பும் வண்டி நேரத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சுரங்கக் குழிகள் பக்கம் மட்டும் போகவே கூடாது. சாம்பியன் ரீஃப் 3 கி.மீ.க்கும் கீழே இறங்கிய சுரங்கம், 2001 பிப்ரவரி 28-இல் எல்லாவற்றையும் மூடிய பிறகு உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது. குழிக்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரத்தை ரோட்டிலிருந்தே பார்க்கலாம். வேலி போட்ட இடம் என்றால் அனுமதி கேளுங்கள், கிடைக்கவில்லையா, விட்டுவிடுங்கள்.

1880-இல் ஜான் டெய்லர் என்ற இங்கிலாந்துச் சுரங்கக் கம்பெனி வந்த பிறகு எழுந்த ஊர் இது. துரைமார் பங்களாவையும் தொழிலாளர் லைன் வீட்டையும் ஒரே நாளில் பாருங்கள், தனித்தனியாகப் பார்த்தால் பாதிதான் புரியும். பாழடைந்த பங்களாவுக்குள் போவதற்கு முன் வாசலிலேயே நின்று மேலே பாருங்கள்: உத்தரம் தொய்ந்திருக்கிறதா, அரசமர வேர் சுவரைப் பிளந்திருக்கிறதா. ஒருமுறை ஜன்னல் ஓரம் சாய்ந்து தண்ணீர் குடித்தேன், நிமிர்ந்தபோது தோள் முழுக்கச் சுண்ணாம்புத் தூள், காலடியில் ஒரு செங்கல். கை வைத்தால் உதிர்கிற சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். சுவரில் பீங்கான் கட்டையோ பழைய ஒயரோ தெரிந்தால் நின்று பாருங்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர். பார்க்கத்தான், பிடுங்க இல்லை.

முழு பேண்ட், ஷூ, கையில் ஒரு தடி. பாம்பு இருக்கும்.

அப்புறம் அந்தச் சாம்பல் நிற மேடுகள். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண் அது, போட்டோவுக்காக ஏறிப் புரளாதீர்கள். காற்றடித்தால் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், கை கழுவாமல் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாசலிலேயே தட்டுங்கள்.