நீச்சல் பேஸ்: கணக்கு எங்கே பிசகுகிறது?

நீச்சலில் பேஸ் என்பது 100 மீட்டருக்கு ஆகும் நேரம். தூரத்தை 100-ஆல் வகுத்து, கிடைக்கும் எண்ணால் நேரத்தை வகுத்தால் முடிந்தது. ஆனால் பெரும்பாலானோர் சறுக்குவது வகுத்தலில் அல்ல, புள்ளியில்.

1500 மீட்டரை 32 நிமிடம் 15 விநாடியில் நீந்தியதாக வைத்துக்கொள்வோம். கால்குலேட்டரில் 32.15 என்று தட்டி 15-ஆல் வகுத்தால் 2.143 வரும். உடனே 2 நிமிடம் 14 விநாடி என்று எழுதிவிடுகிறார்கள். 15 விநாடி என்பது கால் நிமிடம். தட்ட வேண்டியது 32.25. விடை 2.15. இதையும் 2 நிமிடம் 15 விநாடி என்று படித்துவிடக் கூடாது. 0.15-ஐ 60-ஆல் பெருக்கினால் 9. ஆக, பேஸ் 2:09. இந்தச் சிக்கலே வேண்டாம் என்றால் முதலிலேயே எல்லாவற்றையும் விநாடியாக்கிவிடுங்கள்: 1935-ஐ 15-ஆல் வகுத்தால் 129.

அடுத்தது ஓய்வு நேரம். பத்து முறை 100 மீட்டர், நடுவில் 20 விநாடி ஓய்வு, மொத்தம் 23 நிமிடம். அப்படியே வகுத்தால் 2:18. ஒன்பது ஓய்வுகளின் 3 நிமிடத்தைக் கழித்தால் 2:00. இரண்டும் பயனுள்ள எண்கள்தான். ஒரு வாரம் இதையும் மறுவாரம் அதையும் குறித்துவிட்டு, முன்னேறிவிட்டதாக மகிழ்வதுதான் வேடிக்கை.

சராசரியிலும் கவனம் தேவை. 400 மீட்டரை 1:50 பேஸிலும் 100 மீட்டரை 1:30-லும் நீந்தினால் சராசரி 1:40 அல்ல. மொத்த நேரம் 530 விநாடி, எனவே 1:46.

ஸ்மார்ட்வாட்ச் உங்களுக்காகக் கணக்கிட்டாலும், குளத்தின் நீளத்தை அதற்குச் சொல்வது நீங்கள்தான். 25 கஜக் குளம் 22.86 மீட்டரே. அங்கே 25 மீட்டர் என்று அமைத்திருந்தால், உண்மையில் 1:49 பேஸில் நீந்துபவருக்கு அது 1:40 என்று காட்டும். எண் நமக்குச் சாதகமாக இருந்தால் யாரும் சந்தேகப்படுவதில்லை!

மீட்டர் குளங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. 1500 மீட்டருக்கு 50 மீட்டர் குளத்தில் 29 திருப்பங்கள், 25 மீட்டர் குளத்தில் 59. ஒவ்வொரு திருப்பத்திலும் சுவரை உதைத்துப் பெறும் வேகம் நேரத்தைக் குறைக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் குளத்தில் பாபி ஃபிங்க் படைத்த உலக சாதனை 14:30.67, 2021-இல் 25 மீட்டர் குளத்தில் ஃப்ளோரியன் வெல்ப்ரோக் படைத்தது 14:06.88. பேஸாக்கினால் முறையே சுமார் 58.0, 56.5 விநாடி. அதனால் பேஸைக் குறிக்கும்போது குளத்தின் நீளத்தையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.