அந்த அம்மா அழுததை நீங்கள் பார்த்தீர்களா? கதை போல எழுதும் செய்திக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்கோடு தக்காளி மண்டியைப் பற்றி ஒரு தம்பி எழுதி அனுப்பியிருந்தார். முதல் வரி இது: ‘அதிகாலை நான்கு மணி. பனி மூடிய மலைகளுக்குப் பின்னாலிருந்து சூரியன் மெல்ல எட்டிப் பார்க்கிறது.’ தருமபுரி மாவட்டத்தில் எந்த மாதத்திலும் நான்கு மணிக்குச் சூரியன் எட்டிப் பார்க்காது. போன் போட்டு, மண்டிக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று கேட்டேன். ஒன்பது மணிக்காம். அப்படியானால் நாலு மணி எங்கிருந்து வந்தது? “ஒரு ஃபீலுக்காகண்ணா.”

இந்த வகைக் கட்டுரைகள் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஃபீலில்தான். நடந்த ஒன்றைக் காட்சி, ஆள், பேச்சு, முன்பின் வரிசை என்று கதைக்குரிய கருவிகளால் சொல்கிறோம். அதனாலேயே கதைக்காரருக்கு இருக்கிற உரிமை நமக்கும் வந்துவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. எனக்கு வரும் காப்பிகளில், அதாவது நிருபர்கள் எழுதி அனுப்பும் கட்டுரைகளில், நான் திருத்துகிற பிழைகளில் முக்கால்வாசி எழுதும்போது நேர்ந்தவை இல்லை. களத்தில் கேட்காமல் விட்டதை மேசையில் உட்கார்ந்து இட்டு நிரப்பியதால் வந்தவை.

நானும் செய்திருக்கிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாந்தோப்புக்காரர். பெங்களூரா மாங்காய் விலை சரிந்து, பறிப்புக் கூலிகூடக் கட்டாமல் காய் மரத்திலேயே கிடந்த வருடம். கட்டுரையில் ‘கண்கள் குளமாக வானத்தைப் பார்த்தார்’ என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “தம்பி, நான் எப்பப்பா அழுதேன்? மாமியார் ஊட்ல இருந்தெல்லாம் போன் பண்ணிக் கேக்கறாங்க.” உண்மையில் அன்று அவர் சிரித்தார். கூழ் தொழிற்சாலையில் சொன்ன விலையை என்னிடம் சொல்லிவிட்டு, தொடையில் தட்டிச் சிரித்தார். நஷ்டப்பட்ட விவசாயி சிரிப்பது என் கட்டுரைக்குப் பொருந்தாது என்று நான் அதைக் கண்ணீராக மாற்றிவிட்டேன். அந்தக் கட்டுரையில் எழுதுவதற்கு இருந்ததே அந்தச் சிரிப்பு ஒன்றுதான் என்பது பிறகுதான் உறைத்தது.

என் தவறு ஒரு மாமியார் வீட்டோடு முடிந்தது. 1980 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட்டில் ஜேனட் குக் என்ற நிருபர், ஹெராயினுக்கு அடிமையான எட்டு வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று சில நாட்களில் தெரியவந்து, பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழின் நட்சத்திர நிருபர் கிளாஸ் ரெலோட்டியஸ் மாட்டிக்கொண்டது இதைவிடப் பெரிய கதை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஃபெர்கஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரைப் பற்றி அவர் எழுதியிருந்ததை, அந்த ஊர்க்காரர்கள் இருவர் வரி வரியாகப் பிரித்து மேய்ந்தார்கள். ஊர் நிர்வாக அதிகாரி கடலையே பார்த்ததில்லை என்பது ஒரு வரி. அவர் கடற்கரையில் நிற்கும் படத்தைப் போட்டுவிட்டார்கள். தொலைவில் இருக்கிற வாசகனுக்கு எழுதுவதாக நினைத்துத்தான் எழுதுகிறோம், ஆனால் அரூரிலும் அஞ்செட்டியிலும் போனில் படிக்கிற ஆள் இருக்கிறார்.

நாம் நேரில் பார்க்காத, முன்பு நடந்த சம்பவத்தைக் காட்சியாக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த ஊருக்குள் சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனம், காவல், வருவாய் என மூன்று துறையினரும் நுழைந்தது 1992 ஜூன் 20. ஊர்க்காரர்களை அடித்தார்கள், பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர் ‘முன்னிரவு நிலா வெளிச்சத்தில்’ என்று ஆரம்பித்தால், பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டினாலே போதும். பௌர்ணமி ஜூன் 15. ஐந்து நாள் தேய்பிறையில் முன்னிரவில் நிலா எழுந்தே இருக்காது. கிழமை, பிறை, அன்று மழை பெய்ததா, பஸ் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் கொஞ்சம் மெனக்கெட்டால் சரிபார்த்துவிடலாம். அன்று நடந்ததைத் தீர்ப்பின் பக்கங்களிலிருந்தும் சாட்சியங்களிலிருந்தும் எடுங்கள். ஊர்க்காரர் இன்று நினைவுகூர்ந்து சொல்வது என்றால், அவர் சொல்கிறார் என்றே எழுதுங்கள். ‘தீர்ப்பில் இப்படி இருக்கிறது’ என்று நடுவில் ஒரு வரி வந்தால் காட்சி கலைந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். கலையாது. இவர் சும்மா அடித்துவிடவில்லை என்ற நம்பிக்கையோடு வாசகர் மேலே படிப்பார்.

இன்னொன்று, ‘அவர் மனதில் ஆயிரம் எண்ணங்கள் ஓடின’ என்பது போன்ற வரிகள். ஓடியது உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லியிருந்தால் எழுதலாம். அதற்காக “அப்போ என்ன நினைச்சீங்க?” என்று கேட்டும் பயனில்லை. யாரும் “கஷ்டமா இருந்துச்சு” என்பதைத் தாண்டிப் போவதில்லை. கையில் என்ன வைத்திருந்தீர்கள், அடுப்பில் என்ன இருந்தது, யார் முதலில் வாயைத் திறந்தது, நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தேன், தீய்ந்துவிட்டது என்று ஒரு அம்மா சொன்னால், அவர் மனதுக்குள் நீங்கள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை.

விவரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு நடுகற்கள்தான் நினைவுக்கு வரும். தகடூர் என்ற பழைய பெயருள்ள தருமபுரிப் பகுதியிலும் பக்கத்துச் செங்கத்திலும் வயல்வெளியில் நிற்கும் வீரக்கற்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், தொறு, அதாவது மாட்டு மந்தை, மீட்கப் போய் எப்படிப் பட்டான் என்பதை நாலைந்து வரியில் வெட்டியிருப்பார்கள். வட்டெழுத்தில் கல்லைக் கொத்துகிறவனுக்கு ஒரு சொல்லைக்கூட வீணாக்கக் கட்டுப்படியாகாது. செங்கம் அருகே எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில், வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுதியிருக்கிறது. வீரனின் வீரத்துக்கு அடைமொழி தேடாமல் நாயின் பெயரைக் கேட்டு எழுதிய அந்த ஆளை நான் எங்கள் தொழிலின் மூத்த அண்ணன் என்றே நினைக்கிறேன். நமக்கு வரும் காப்பிகளில் ‘எளிமையான வீடு’, ‘வறுமையின் கோரப்பிடி’, ‘வெள்ளந்திச் சிரிப்பு’ எல்லாம் இருக்கும், நாயின் பெயர் மட்டும் இருக்காது. அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அடுக்கவும் வேண்டாம். சுவரில் மாட்டிய காலண்டர் எந்தக் கடையுடையது என்பது அந்தக் கடையில் அவர் கடன்பட்டிருந்தால்தான் கட்டுரைக்குத் தேவை.

பேச்சை எழுதுவதில் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்கென்றே சில குழிகள் இருக்கின்றன. முதலாவது, கிராமத்து ஆள் என்றாலே சினிமாவில் கேட்ட மதுரைத் தமிழையோ கோயம்புத்தூர்த் தமிழையோ அவர் வாயில் திணிப்பது. பென்னாகரத்துக்காரர் ஏன் ‘ஏலே’ என்கிறார்? இன்னொரு கோஷ்டி அதற்கு நேர்மாறாக, கல் உடைக்கிறவரையும் ‘நாங்கள் மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளோம்’ என்று பேசவைக்கும். இரண்டுமே அவர் பேசியது இல்லை. காதில் விழுந்தபடி இரண்டொரு சொல்லை வைத்துக்கொண்டு, மற்றதைப் படிக்கத் தோதாக எழுதினால் போதும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஏராளம். பாட்டி தெலுங்கில் சொன்னதைப் பேத்தி தமிழில் சொல்ல, நாம் குறித்துக்கொண்டு வருகிறோம். அச்சில் அது பாட்டியின் நேரடித் தமிழ்ப் பேச்சாக வந்துவிடுகிறது. பேத்தி நடுவில் நின்றதை ஒரு வரி சொல்லுங்கள். பேத்தி எந்த இடத்தில் சொல்லத் தயங்கினாள் என்பதும் சில சமயம் நல்ல விஷயமாக அமையும். அப்புறம், சித்தேரி மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரைக் கேரளத்துக்காரர்கள் என்று எழுதி வந்த ஒரு காப்பியையும் பார்த்திருக்கிறேன். எழுதியவர் அந்த மலையில் ஒரு ராத்திரி தங்கி, அவர்கள் பேசுகிற தமிழைக் கேட்டிருந்தால் அந்த வரி வந்திருக்காது.

எண்களில் நடக்கும் தவறு சின்னது, ஆனால் வாசகர் ஓடிப்போவது அங்கேதான். தண்ணீரில் அளவுக்கு மீறி இருந்தால் பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு பற்றி எழுதும்போது முதல் பத்தியிலேயே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைக் கொட்டிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குக் கனம் வர வேண்டுமானால், அதற்கு முன்பாக ஒரு பல் வர வேண்டும். குரூப் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னால் உதட்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகள், அந்தப் பழுப்புக் கறை, பாறைக்குள்ளிருந்து வரும் போர்வெல் தண்ணீர் இதெல்லாம் கண்முன் வந்த பிறகு 1.5 என்று சொன்னால், ‘எங்க ஊர்த் தண்ணியில் எவ்வளவு?’ என்று வாசகரே கேட்பார். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த கதையை அங்கிருந்து தொடங்கலாம்.

வரிசை. நடந்தது நடந்தபடி முதலிலிருந்து கடைசிவரை சொல்வதை மட்டம் என்று நினைத்து, முடிவை ஒளித்துவைத்து, காலத்தை முன்னும் பின்னும் வெட்டி ஒட்டிக் குழப்புகிறார்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது போய் உட்கார்ந்து பாருங்கள். பதினெட்டாம் நாள் படுகளத்தில் துரியோதனன் சாகப்போகிறான் என்பது மடியில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறார்கள். என்ன ஆகும் என்பது தெரிந்தபிறகும் எப்படி ஆகிறது என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். வாச்சாத்தி வழக்கின் முடிவு ஊரறிந்தது: 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது, அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம். முப்பத்தோரு வருடம் என்பது அந்த ஊரில் எப்படிக் கழிந்தது என்பதுதான் சொல்வதற்கு மிச்சமிருக்கிறது. கைக்குழந்தையாக இருந்தவர் கைக்குழந்தையோடு கோர்ட் வாசலில் நிற்கிற அளவுக்கு நீண்ட காலம் அது.

கூத்து என்றதும் கட்டியங்காரன் நினைவுக்கு வருகிறான். வருவான், ராஜா வருவதை அறிவிப்பான், குறுக்குக் கேள்வி கேட்டுச் சிரிக்கவைப்பான், ஒதுங்கிக்கொள்வான். கட்டுரையில் ‘நான்’ வரலாமா கூடாதா என்று கேட்கிறவர்களுக்கு, அவன் அளவுக்கு வரலாம் என்பதே என் பதில். ராஜாவை மறைத்துக்கொண்டு நின்றால் சீட்டி அடிப்பார்கள்.

மூன்று பேரின் வாழ்க்கையைக் கலந்து ஒரே ஆளாக ஆக்கி, பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று போடுவதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. செய்யாதீர்கள்.

பெயரை மாற்றுவது பற்றிப் பேசத்தான் வேண்டும், ஏனென்றால் குழந்தைத் திருமணம் பற்றிய கட்டுரைகள் தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்து நிறைய வருகின்றன. நல்ல விவரம் வேண்டும் என்று இதுவரை சொன்னேனே, அது அப்படியே தலைகீழாகும் இடம் இது. பெயரை மாற்றிவிட்டு, ‘முப்பது வீடுகள் உள்ள மலைக் கிராமம், அப்பா ஊரில் ஒரே ஜீப் ஓட்டுகிறார், பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண்’ என்று எழுதினால் அந்தப் பக்கத்தில் யாருக்கும் பெயர் தேவையே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என அடையாளம் காட்டும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்குப் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பெண் நாளைக்கு அதே பஸ்ஸில்தான் ஏறிப் போக வேண்டும். கட்டுரை எவ்வளவு மொட்டையாகப் போனாலும் ஜீப்பை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக இன்னொரு ஜீப்பையோ வேறு தொழிலையோ கற்பனையாக வைக்காதீர்கள், அது முதல் தவறுக்கே திரும்பிப் போவதாகும். அவள் பேசிய வார்த்தைகளையும், அவள் யார் என்று காட்டிக்கொடுக்காத பொருட்களையும் வைத்துக்கொண்டு எழுத முடியும். எழுதி முடித்ததும் அந்த ஊர்க்காரர் போலவே ஒருமுறை படியுங்கள். மூன்றாவது பத்தியில் உங்களுக்கு ஆள் தெரிந்துவிட்டால் வெட்டத்தான் வேண்டும்.

தக்காளித் தம்பி மறுபடி போய்வந்தார். இந்த முறை நிஜமாகவே நாலு மணிக்கு. கும்மிருட்டு, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒருவர் பெட்டி எண்ணியதைப் பார்த்தாராம். அதுதான் இப்போது முதல் வரி. கடைசிப் பத்தியில் மட்டும் பழைய ஆசை விடவில்லை: ‘விவசாயியின் வாழ்வில் விடியல் எப்போது?’ என்று முடித்திருந்தார். அதை அடித்துவிட்டேன். அதற்கு முந்தைய வரியில் ஒரு பெரியவர் காலிப் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கயிறு போதாமல், இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துக் கட்டுகிறார்.